மைக் செட் பாதுஷா சொல்ல வேண்டியிருந்த ஒரு வாக்கியம்

வில்லாபுரத்தில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம் எதுவானாலும் மைக் செட் என்றால் பாதுஷாதான். கடை வாசலில் ‘பாதுஷா சவுண்ட் சர்வீஸ்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை. விளம்பரத்துக்கு வைத்தது என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் அது, யாராவது பெயர் கேட்டால் கையைத் தூக்கிக் காட்டுவதற்காக வைத்தது. பாதுஷாவுக்குத் திக்குவாய். எந்த எழுத்தும் அவரை நிறுத்தும், ஆனால் தன் பெயரின் முதல் எழுத்தில் வந்து நின்றால் நின்றதுதான். இழுத்துப் பூட்டிய ஷட்டர் மாதிரி, தட்டினால் சத்தம் வருமே தவிர திறக்காது.

திக்குகிற ஆள் மைக் செட் வைத்திருக்கிறாரே என்று சிரிப்பு வருகிறதா, தாராளமாகச் சிரிக்கலாம். அவரே சிரிப்பார். ஸ்பீக்கர் பாக்ஸ்களை இறக்கி, வயர் இழுத்து, எல்லாம் தயாரானதும் மற்ற மைக் செட்காரர்கள் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று தொண்டை கிழியக் கத்துவார்கள் இல்லையா, பாதுஷா அதைச் செய்யமாட்டார். விசில் அடிப்பார். நல்ல நீளமான, ஏறி இறங்கும் விசில். அதைக் கேட்டாலே பக்கத்துத் தெருவில் ‘பாய் வந்துட்டாரு, விசேஷம் ஆரம்பிக்கப் போகுது’ என்று தெரிந்துகொள்வார்கள்.

பேசித்தான் ஆக வேண்டிய இடங்களில் அவருக்கு வேறு வித்தை இருந்தது. ஒரு சொல் வரவில்லை என்றால் அதைத் தள்ளிவிட்டு வழுக்கிக்கொண்டு வருகிற இன்னொரு சொல்லைப் பிடித்துக்கொள்வார். பஸ்ஸில் பெரியார் நிலையத்துக்கு டிக்கெட் கேட்க முடியாமல் அதற்கு முந்தின நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி இறங்கி நடப்பார். இனிப்புக் கடைக்கு ஒன்று வாங்கப் போய் இன்னொன்றோடு வீடு திரும்புவார். மனைவி ஜெயினம்பு ஏன் என்று கேட்கிற பழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டாள்.

மிச்சப் பேச்சுக்கெல்லாம் சோணைமுத்து இருந்தான். இளவட்டமாக இருந்த காலம் தொட்டுக் கூடவே தொழில் பார்க்கிற கூட்டாளி. பாதுஷா ஒரு சொல்லைத் தொடங்கினால் போதும், மீதியைச் சோணைமுத்து முடித்துவைப்பான். பாதி நேரம் தப்பாகத்தான் முடிப்பான். பாதுஷாவும் ‘சரி, அப்படியே இருக்கட்டும்’ என்று தலையை ஆட்டிவிடுவார். சொல்ல வந்ததை மறுபடி முதலிலிருந்து சொல்வதைவிடத் தலையை ஆட்டுவது எவ்வளவோ சுகம். இப்படி ஆட்டி ஆட்டியே அவருடைய வாழ்க்கையில் பல காரியங்கள் வேறு யாரோ சொன்னபடி நடந்து முடிந்திருந்தன.

அவற்றில் ஒன்று மட்டும் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. மூத்த மகள் முபீனாவின் நிக்காஹ். அவர்கள் ஜமாஅத்தில், பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘என் மகள் இன்னாரைப் பேசிய மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்’ என்று சபைக்குக் கேட்கும்படி சொல்லவேண்டும். மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் கொடை. முடியாதவர்கள் தங்கள் சார்பில் சொல்லும்படி, நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஜ்ரத்தை நியமிக்கலாம். அதற்குப் பெரிய பேச்சு ஒன்றும் தேவையில்லை. ஹஜ்ரத் ‘உங்க சார்பா நானே சொல்லிரட்டுமா?’ என்று கேட்பார், ‘ம்’ என்று தலையை ஆட்டினால் முடிந்தது. பாதுஷா ஆட்டினார். ஹஜ்ரத் கணீரென்று சொன்னார். தன் மகளை இன்னொருவர் கொடுக்க, தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து மைக்கின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். விருந்துக்கு வந்த ஒருவருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை. பாதுஷாவுக்கு மட்டும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது சின்னவள் ஷைமாவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. பெயர் முகமது யாசீன், கீழவெளி வீதியில் கண்ணாடிக் கடை. நிச்சயம் முடிந்த அன்றே பாதுஷா மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்தத் தடவை தானே சொல்வது. வேறு வார்த்தை மாற்றிச் சொல்ல வழியில்லாத ஒரே ஒரு வாக்கியம். மகள் பெயரை மாற்ற முடியாது, ‘கொடுத்தேன்’ என்பதையும் மாற்ற முடியாது. சபை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும். போதாததற்கு மைக் வேறு, அதுவும் அவருடைய மைக்.

ஷைமா ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. திக்குவாய் உள்ள பெரியவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்து ஆராய்கிறார்கள், விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்று. அதைப் போனில் படம் பிடித்து வந்து அத்தாவிடம் காட்டினாள். பாதுஷா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவருடைய திக்கலைக் கேலி செய்தவர்கள் உண்டு, பரிதாபப்பட்டவர்கள் உண்டு, நாக்கில் தேன் தடவச் சொன்னவர்கள் உண்டு. வேண்டும் என்று கேட்டவர்கள் இவர்கள்தான். அதிலே கீழே, இது சிகிச்சை அல்ல, ஆராய்ச்சி மட்டுமே என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதையும் படித்தார். படித்துவிட்டு, பெரிய மிஷின், பெரிய படிப்பு படித்தவர்கள், போகிற போக்கில் எதையாவது சரிசெய்யாமலா விட்டுவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அங்கே போனார். ஆராய்ச்சி செய்தவர் பிரியம்வதா என்ற பெண். பேச்சுச் சிகிச்சை படித்து, மேல்படிப்புக்காக இந்த வேலையில் இறங்கியிருந்தார். அவர் பெயர் கேட்டபோது காட்டுவதற்குப் பாதுஷாவுக்கு அங்கே பலகை இல்லை. “ப... ப்... ப்...” என்று நின்றார். வழக்கமாக இந்த இடத்தில் எதிராளி பூமியைப் பார்ப்பார், அல்லது தாமே ஒரு பெயரைச் சொல்லி உதவுவார். பிரியம்வதா இரண்டும் செய்யவில்லை. அவசரமில்லாத முகத்தோடு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் வந்து சேரும்வரை காத்திருந்தார். பாதுஷாவுக்கு அது பெரிய சங்கடமாகிவிட்டது. யாரும் காத்திருந்து அவருக்குப் பழக்கமில்லை.

மிஷின் பெரிய காந்தம், உடம்பில் இரும்பு எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். காந்தத்தைப் பற்றிப் பாதுஷாவுக்கா சொல்லித்தர வேண்டும், ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் இருப்பது அதுதானே. சட்டைப்பையிலிருந்து டெஸ்டர், பேண்ட் பையிலிருந்து சின்னக் குறடு, வயர்த் துண்டு, திருகாணி, எதற்கென்று தெரியாத ஒரு ஸ்பிரிங் எல்லாம் வரிசையாக வந்தன. தட்டு நிறைந்துபோய் நர்ஸம்மா இன்னொரு தட்டு எடுத்துவரப் போனார்.

உள்ளே படுத்தார். தலைக்கு மேலே ஒரு கண்ணாடியில் சொற்கள் வரும், அவற்றை உரக்கப் படிக்க வேண்டும். படிக்கும்போது மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று மிஷின் படம் பிடிக்கும். திக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். மிஷின் ஓட ஆரம்பித்தது. காதில் அடைப்பு வைத்திருந்தும் தறிப்பட்டறைக்குள் தலையை விட்ட மாதிரி இரைச்சல். செல்லூரில் அவருடைய மாமனார் வீட்டுக்குப் பக்கத்தில் இப்படித்தான் இருக்கும். முதல் சொல் வந்தது, படித்தார். அடுத்தது வந்தது, படித்தார். ‘பலகை’ வந்தது, ‘பனங்கிழங்கு’ வந்தது, பாதுஷா பாட்டுக்குப் படித்துக்கொண்டே போனார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஆயுசு பூராவும் கூப்பிடாமல் வந்து கழுத்தைப் பிடித்த ஆள், வா வா என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த இடத்தில் மட்டும் தலைமறைவாகிவிட்டான்.

வெளியே வந்ததும் பிரியம்வதா சிரிப்பை அடக்க முடியாமல், “ஐயா, உள்ள உங்களுக்குத் திக்கவே இல்லையே,” என்றார்.

பாதுஷாவுக்குப் பெருத்த அவமானமாகப் போய்விட்டது. வேலைக்கு வந்துவிட்டு வேலை செய்யாமல் போவதா. “ம... மன்னிச்சுக்கங்கம்மா. இன்னொரு வாட்டி போறேன். நல்லாத் தி... திக்கித் தாரேன்,” என்றார்.

அதில் தப்பொன்றும் இல்லை என்று பிரியம்வதா விளக்கினார். பெரிய இரைச்சலில் தன் குரல் தன் காதுக்குச் சரியாகக் கேட்காதபோது பலருக்குத் திக்கல் குறையும். ஏன் குறைகிறது என்பதும் ஆராய்ச்சியில் ஒரு பங்குதான். இதைச் சமாளிக்க இன்னொரு முறை வைத்திருந்தார்கள். மிஷினை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது. அமைதியான இடைவெளியில் இவர் படிப்பார், படித்து முடித்த கையோடு மிஷின் படம் எடுக்கும். மறுபடி படுத்தார். இரைச்சல் நின்றது, கண்ணாடியில் ‘பலகை’ வந்தது, நம்மாளும் வந்துவிட்டான். இந்தத் தடவை பாதுஷா திக்கிய திக்கலில் அவருக்கே மனசு நிறைந்துவிட்டது.

பிறகு கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார்கள். சாம்பல் நிறத்தில் மூளை, அங்கங்கே சிவப்பும் மஞ்சளும். பேசுவதற்குப் பெரும்பாலும் இடது பக்கம்தான் முன்னால் நிற்கும், திக்குகிறவர்களில் பலருக்கு வலது பக்கமும் சேர்ந்து இழுக்கிறது, கேட்கிற பகுதிக்கும் பேசுகிற பகுதிக்கும் நடுவே உள்ள தொடர்பும் சற்று வேறாக இருக்கிறது, இது ஒருவர் படத்தை வைத்துச் சொல்வதல்ல, பலருடையதைச் சேர்த்துப் பார்த்துச் சொல்வது என்றெல்லாம் பிரியம்வதா பொறுமையாகச் சொன்னார். பயத்தாலும் சோம்பலாலும் வருவதில்லை, வளர்ப்பால் வருவதும் இல்லை என்றார். அந்த இடத்தில் பாதுஷாவின் கண் கலங்கிவிட்டது. ‘பயந்தாங்கொள்ளி’ என்று பள்ளிக்கூடத்தில் அவர் வாங்கிய அடியெல்லாம் அப்போது ஞாபகம் வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேர்க்கிறது என்றார். அந்த அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் மனுஷன் மைக் செட்காரர் இல்லையா. கலங்கிய கண்ணோடேயே வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சல் இருந்தால் திக்காது. இரைச்சலைக் காதுக்குள் கொண்டுபோனால்? முதல்முறை வருகிறவர்கள் மிரண்டுவிடாமல் இருக்க மிஷின் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிரியம்வதா கொடுக்கும்போதே எச்சரித்தார். இது எல்லாருக்கும் எல்லா நேரமும் பலிக்காது, பழகிப்போனால் பலன் குறையும், முக்கியமாக மற்றவர் பேசுவதும் உங்களுக்குக் கேட்காது. பாதுஷா தலையை ஆட்டினார். அதில் கடைசிப் பகுதி அவர் காதில் ஏறவே இல்லை.

கடைக்குள் ஒத்திகை நடந்தது. காதுக்குள் அடங்குகிற, வயர் இல்லாத சின்ன இயர்போன், போனில் மிஷின் சத்தம். மாப்பிள்ளை இடத்தில் சோணைமுத்து உட்கார்ந்து கையை நீட்டினான். பாதுஷா அதைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துச் சொன்னார். தண்ணீர் மாதிரி ஓடியது வாக்கியம். ஒரு சொல்லும் நிற்கவில்லை. ஆனால் இரைச்சலுக்கு மேலே பேசுகிறவர் தன் குரலின் அளவு தெரியாமல் கத்துவார் என்பது அவருக்குத் தெரியவில்லை. எதிரே டீக்கடையில் நின்றவர்கள் அடிதடி என்று நினைத்து ஓடிவந்தார்கள். ஜெயினம்பு மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள்.

“அண்ணே, பொண்ணு குடுக்குற மாதிரி இல்ல. சண்டைக்குக் கூப்புடுற மாதிரி இருக்கு,” என்றான் சோணைமுத்து.

அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை இறக்கப் பழகினார்கள். ஒரு ஏற்பாடும் செய்துகொண்டார்கள். அப்படியும் நடுவில் மாட்டிக்கொண்டால், பாதுஷா கண்ணைக் காட்டுவார், ஆம்ப்ளிபயர் அருகே நிற்கும் சோணைமுத்து சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, ஏதோ வயர் பழுது என்று சொல்லிவிடுவான். தொழிலில் இருக்கிறவருக்கு இது கூடச் செய்துகொள்ள உரிமை இல்லையா என்ன.

நிக்காஹ் அன்று மண்டபம் நிறைந்திருந்தது. பாதுஷா விசில் அடித்து மைக்கைச் சோதித்தார். மேடையில் யாசீனுக்கு எதிரே உட்கார்ந்து, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பையில் இருந்த போனைத் தட்டினார். காதுக்குள் மிஷின் ஓட ஆரம்பித்தது. மனசில் ஒரு தெம்பு இருந்தது. மண்டபம் மொத்தமும் ஊமைப்படம் மாதிரி தெரிந்தது. ஹஜ்ரத் நிக்காஹ் பிரசங்கமான குத்பாவை ஓதினார், உதடு அசைந்தது. முடித்துவிட்டு இவர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். என்ன என்று இவருக்குக் கேட்கவில்லை. ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, பாதுஷா ஆயுசு பூராவும் செய்ததையே செய்தார். தலையை ஆட்டினார்.

ஹஜ்ரத் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். யாசீனின் கையை அவரே பிடித்தார். அவருடைய உதடு அசைவதையும் யாசீன் இவரைக் குழப்பத்தோடு பார்ப்பதையும் கண்ட பிறகுதான் பாதுஷாவுக்கு உறைத்தது. தான் இப்போது ஆட்டியது எதற்கு என்று. இரண்டாவது மகளையும் தலையாட்டியே கொடுத்துவிடப் பார்த்தார் மனுஷன்.

தொப்பிக்குள் கைவிட்டு இயர்போன் இரண்டையும் பிடுங்கினார். ஒன்று தெறித்து யாசீனின் மடியில் போய் விழுந்தது. மண்டபத்தின் சத்தமெல்லாம் ஒன்றாகக் காதுக்குள் பாய்ந்தது. ‘...அவர்களுடைய சார்பில்’ என்று ஹஜ்ரத் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நி... நி... நிறுத்துங்க ஹஜ்ரத்,” என்றார் பாதுஷா. அது மைக்கில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது. “நா... நானே சொல்றேன்.”

ஹஜ்ரத் யாசீனின் கையை விட்டார். பிறகு, பெற்றவர் இருக்கும்போது அவர் சொல்வதுதான் அழகு என்று சபையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மைக்கை இவர் பக்கம் திருப்பி வைத்தார். பாதுஷா யாசீனின் கையைப் பிடித்தார். காதுக்குள் மிஷின் இல்லை, மாற்றிச் சொல்ல வேறு சொல்லும் இல்லை.

“என் ம... மகள் ஷ்... ஷ்ஷ்...”

நின்றுவிட்டது. ஆம்ப்ளிபயர் பக்கம் சோணைமுத்துவின் கை குமிழுக்குப் போனதை ஓரக்கண்ணால் பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினார். முன்வரிசையில் யாரோ ‘ஷைமா’ என்று எடுத்துக்கொடுக்க, ஹஜ்ரத் உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கினார். பொதுவாக நிக்காஹ் நேரத்தில் பின்வரிசையில் ஊர்க்கதை ஓடும், பந்தி எப்போது என்ற விசாரிப்பு நடக்கும். இப்போது அந்தச் சத்தமும் அடங்கிவிட்டது. யாசீன் கையை இழுக்கவில்லை, தலை குனியவில்லை, மாமனார் முகத்தையே பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தான். காத்திருந்தான். பாதுஷா மூச்சை விட்டு, மறுபடி இழுத்தார்.

“...ஷைமாவைப் பேசிய ம... மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து கொ... கொ... கொ...”

கரைக்கு வந்து சேருகிற இடத்தில் கால் மாட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கோத்தது. கொடுக்கிறாரா இல்லையா என்று மண்டபம் மொத்தமும் அந்த ஒரு எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“...கொடுத்தேன்.”

“ஒப்புக்கொண்டேன்,” என்றான் யாசீன்.

துஆ பிரார்த்தனை முடிந்து, ஆள் ஆளாகக் கட்டிப்பிடித்து, பாதுஷாவுக்கு எலும்பு நொறுங்கிவிட்டது. அதிலிருந்து தப்பித்துப் பெண்கள் பகுதிக்குப் போனார். அங்கேயும் பாக்ஸ் வைத்தது அவர்தான், எல்லாம் ஒன்று விடாமல் கேட்டிருக்கும். உள்ளே ஜெயினம்பு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முபீனாவுக்கும் கண் சிவந்திருந்தது. சபையில் இப்படி இழுத்தடித்து மானத்தை வாங்கிவிட்டோமோ என்று பாதுஷாவுக்குத் திக்கென்றது. ஷைமாவிடம் போய் நின்று, அது எப்போதும்போலத்தான், கடைசியில் கொஞ்சம் மாட்டிக்கொண்டது, மனசில் வைத்துக்கொள்ளாதே என்று எப்படியோ சொல்லத் தொடங்கினார்.

ஷைமா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “மத்த அத்தாமாரெல்லாம் ஒரே மூச்சுல குடுத்துட்டு எந்திரிச்சுருவாங்க. நீங்க குடுக்குற இடத்துல வந்து நின்னுட்டீங்க பாருங்க, அத்தாவுக்கு என்னயக் குடுக்க மனசே வரலனு இங்க அம்புட்டுப் பேரும் அழுதுட்டோம்.”

பாதுஷா மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். நின்றது திக்கலால், அது மூளை செய்கிற வேலை, படமே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த எழுத்தில் தான் நின்றதற்கு அது ஒன்றுதான் காரணமா என்று யோசித்தபோது, சத்தியம் பண்ணிச் சொல்ல அவரால் முடியவில்லை. மகளின் தலையில் கையை வைத்தார்.

“ஆ... ஆமா பாப்பா,” என்றார். “மனசு வரல.”